சின்ன குதிரை வேன் திருப்பத்துல ஆடுது: கோளாறு சஸ்பென்ஷன்லயா, ஓட்டுற கையிலயா?

செங்குதிரை:
போன மாசம் பழைய 3.5 டன் குதிரை வேன் ஒண்ணு வாங்கினேன். ரெண்டு குதிரை, பின்கதவைப் பார்த்து நிக்கிற அமைப்பு. காலியா ஓட்டினா கார் மாதிரி போகுது. ரெண்டையும் ஏத்திட்டா ரவுண்டானாவுல படகுதான். ஒரு பக்கம் சாயுது, நிமிர்ந்து மறுபக்கம் போகுது, அப்புறம்தான் அடங்குது. உள்ளே தடதடன்னு குளம்புச் சத்தம். வித்தவரைக் கேட்டா "உயரமான வண்டின்னா அப்படித்தான்"னு முடிச்சுட்டார். பின் கமான் பட்டைக்கு (பாரம் தாங்குற பட்டை ஸ்பிரிங்) துணையா காத்து அடைச்ச ரப்பர் பை, அதான் காற்றுப்பை, போட்டேன். தொங்கின பின்பக்கம் நிமிர்ந்தது, ஆனா சாய்வு முன்னைவிடக் கூடின மாதிரி இருக்கு. வண்டியைச் சரி பண்ணணுமா, என்னையா?

கமான்பட்டை:
வண்டியை. மூட்டை ஏத்தினா தளத்தோட கிடக்கும். 500 கிலோ குதிரையோட எடை தளத்துக்கு ஒரு மீட்டர் மேலே நிக்குது, அதுவும் ரெண்டு. நீங்க சொன்னதுல ரெண்டு நோய் இருக்கு, குழப்பிக்காதீங்க. எவ்வளவு சாயுதுங்கிறது ஸ்பிரிங், ஸ்டெபிலைசர் பார் (ரெண்டு பக்கச் சக்கரத்தையும் இணைச்சு சாய்வைக் குறைக்கிற கம்பி) சம்பந்தப்பட்டது. நிமிர்ந்து மறுபக்கம் போறது, ஸ்பிரிங் ஆட்டத்தை அடக்குற ஷாக் அப்சார்பர் செத்ததுக்கு அடையாளம். புது ஷாக் போட்டா அந்த மறு ஆட்டம் நிக்கும், நீண்ட வளைவுல சாய்வு அப்படியேதான் இருக்கும். டயர் காற்றையும் பாருங்க. காலி வண்டிக்கு வச்ச அழுத்தத்துல ரெண்டு குதிரை ஏத்தினா பக்கச்சுவரே மடங்கி ஆடும்.

மெதுவாபோ:
கேள்வி கேட்டு முடிக்கலை, அதுக்குள்ள பில் போட்டாச்சு. நான் பல வருஷமா குதிரை ஏத்தி ஓட்டுறவன், இதைவிட மோசமான வண்டிகளையும் ஓட்டியிருக்கேன். பிரேக் எல்லாம் திருப்பத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடணும். உள்ளே ஒரே வேகம். வண்டியோட வால் நேரான பிறகுதான் ஆக்சிலரேட்டர். பாதி வளைவுலயே மிதிச்சா ஸ்வீடன்ல இருந்து சஸ்பென்ஷன் வரவழைச்சாலும் குதிரை சுவத்துலதான் சாயும். ரவுண்டானா ஏன் மோசம் தெரியுமா? ஒரு பக்கம், மறுபக்கம், திரும்பவும் முதல் பக்கம்னு மூணு தடவை எடை மாறுது. குதிரை ஒரு பக்கம் காலை ஊன்றி முடிக்கிறதுக்குள்ள நீங்க எதிர்ப்பக்கம் இழுத்துடுறீங்க.

கணக்குப்பிள்ளை:
மெதுவாபோ சாருக்குத்தான் என் ஓட்டு. 30 மீட்டர் ஆரமுள்ள வளைவுல 30 கி.மீ. வேகத்துல போனா பக்கவாட்டு விசை புவியீர்ப்புல சுமார் 0.24 பங்கு. 500 கிலோ குதிரையை 120 கிலோ பாரத்தால பக்கத்துல தள்ளுற மாதிரி. அதையே 20 கி.மீ.ல எடுத்தா 0.1 பங்குதான், 50 கிலோ. வேகத்தோட வர்க்கம் இது, எந்தப் பட்டறையிலயும் கழட்டி மாத்த முடியாது.

கவிழுமோங்கிற பயம் இருந்தா அதுக்கும் சொல்றேன். சக்கர அகலத்துல பாதி 85 செ.மீ., சுமையோட ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1.2 மீட்டர்னு வச்சா, கவிழ சுமார் 0.7 வேணும். ஸ்பிரிங்கும் டயரும் நெகிழ்றதால கொஞ்சம் குறையும், இருந்தாலும் நீங்க அதுக்கு ரொம்பத் தள்ளி இருக்கீங்க. சாய்வு கண்ணுக்குத்தான் பயம். அதை விட்டுத் தள்ளுங்க.

குளம்படி:
வண்டி கவிழாது, சரி. குதிரை? அதைப் பத்தி இதுவரைக்கும் ஒருத்தரும் பேசலை.

பிள்ளை, உங்க கணக்கையே குதிரைக்குப் போடுங்க. சாதாரணமா நிக்கும்போது குளம்புகளுக்கு நடுவே 40 செ.மீ. வச்சுக்கலாம். பாதி 20. எடை மையம் தளத்திலிருந்து சுமார் 1.1 மீட்டர். வகுத்தா 0.18. அதாவது உங்க 0.24 வர்றதுக்கு முன்னாடியே குதிரை காலை அகட்டணும், இல்லை சுவத்துல சாயணும். 80 செ.மீ.க்கு அகட்டினா 0.36 வரைக்கும் தாங்கும்.

செங்குதிரை தம்பி, நடுத்தடுப்பு தரை வரைக்கும் பலகையா? அப்படின்னா அது காலை அகட்டவே முடியாது. அகட்ட இடமில்லாத குதிரை பயத்துல சுவத்துல ஏறி மிதிக்கும், அந்தத் தடதட அதுதான். பலகையோட கீழ்ப்பகுதியை எடுத்துட்டு அங்கே ரப்பர் திரை தொங்க விடுங்க. ஒண்ணை ஒண்ணு மிதிச்சுக்காது, காலும் அகலும். தலைக்கயிறை ரொம்பக் குட்டையா கட்டாதீங்க. கழுத்தையும் தலையையும் வச்சுத்தான் அது சமநிலை பிடிக்குது, நாம கையை நீட்டிக்கிற மாதிரி. தலையைத் தாழ்த்தி மூச்சுக்குழாய்ச் சளியை வெளியேத்தவும் அதுக்கு வழி வேணும். மூத்திரத்துல ரப்பர் விரிப்பு வழுக்குதான்னும் குனிஞ்சு பாருங்க.

கமான்பட்டை:
அக்கா சொன்னது சரி. ஆனா பிள்ளை "சாய்வை விட்டுத் தள்ளுங்க"ன்னது தப்பு. பெட்டி வெளிப்பக்கம் 4 பாகை சாஞ்சா தளமும் 4 பாகை சரிவு. குதிரை அந்தச் சரிவுலயும் நிக்கணும். அதை ஏன் கூட்டலை?

கணக்குப்பிள்ளை:
...ஆமா. 4 பாகைன்னா 0.07. 0.24 இல்லை, 0.31. விட்டுட்டேன். ஆனா 20 கி.மீ.ல போனா சாய்வும் 2 பாகைக்குள்ள அடங்கிடும், மொத்தம் 0.14தான் வரும். வேகத்துல கிடைக்கிறதுதான் பெரிய லாபம்.

கமான்பட்டை:
இருக்கலாம். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிக்கும்போது 20ல போறவங்க எத்தனை பேர்?

செங்குதிரை, ஒரே கேள்வி. காற்றுப்பை ரெண்டுக்கும் தனித்தனிக் குழாயா, இல்லை ஒரே வால்விலிருந்து ரெண்டாப் பிரியுதா?

செங்குதிரை:
ஒரே வால்வு அண்ணா. டி வடிவ இணைப்பு. ரெண்டு பக்கமும் சம அழுத்தம் இருக்கும்னு சொல்லித்தான் போட்டுக் கொடுத்தாங்க.

கமான்பட்டை:
நினைச்சேன். சம அழுத்தம் இருக்கிறதுதான் வினை. வளைவுல வெளிப்பக்கப் பை நசுங்கும்போது அந்தக் காற்று குழாய் வழியா உள்பக்கப் பைக்கு ஓடிடும். தாங்க வேண்டிய பக்கம் இளகுது, தூக்கக் கூடாத பக்கம் தூக்குது. பிரிச்சு ரெண்டு வால்வு வைங்க. செலவும் பெருசா ஆகாது, மெதுவாபோ அண்ணன் கோபிக்க வேண்டாம்.

மெதுவாபோ:
கோபமில்லை தம்பி, இது எனக்கே புதுசு. ஆனா குழாயைப் பிரிச்சதும் இவர் பழைய வேகத்துக்கே போயிடுவார், பாருங்க. வண்டி ஆடுறதுதான் ஓட்டுறவனுக்கு எச்சரிக்கை. விறைப்பா பண்ணிட்டா முன் சீட்ல ஒண்ணும் தெரியாது, பின்னாடி குதிரைக்கு மட்டும் தெரியும்.

கமான்பட்டை:
அதை ஒத்துக்குறேன். ஸ்டெபிலைசர் பாரையும் அளவில்லாம தடிமனாக்கினா, ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்துல விழுந்தாலும் முழுப் பெட்டியையும் பக்கவாட்டுல உலுக்கும். அதனாலதான் முதல்ல குழாய், ஷாக், டயர். பார் கடைசியில.

இன்னொண்ணு, ரெண்டு குதிரையோட எடைமேடைக்குப் போய் முன் அச்சு, பின் அச்சு ரெண்டையும் தனித்தனியா எடை போடுங்க. குதிரைக்கு எடை முன்னங்கால் பக்கம்தான் அதிகம், பின்பக்கம் பார்த்து நின்னா அந்தப் பாரமான பாதி பின் அச்சுக்கும் பின்னாடி போகும். ரெண்டும் சேர்ந்து 1,000 கிலோ, அதோட மையம் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால, அச்சு இடைவெளி 3.6 மீட்டர்னா, முன் சக்கரத்துலிருந்து 80 கிலோவுக்கு மேல உருவிக்கும். ஸ்டியரிங் லேசாத் தெரியும், ஆட்டம்னு நினைச்சுப்பீங்க. மொத்தம் இந்த வண்டிக்கு அனுமதிச்ச 3,500 கிலோவைத் தாண்டலையான்னும் அங்கேயே தெரிஞ்சிடும்.

செங்குதிரை (10 நாள் கழிச்சு):
குழாயைப் பிரிச்சேன், ஷாக் இன்னும் மாத்தலை. போன்ல விசை காட்டுற ஆப் ஒண்ணு போட்டு, தடுப்புக் கம்பத்தடியில தளத்தோட ஒட்டிட்டு, ரெண்டு குதிரையோட அதே ரவுண்டானா. முன்னாடி 0.3ஐத் தொட்டுச்சு. பிரிச்ச பிறகு அதே வேகத்துல 0.26, 0.27. மெதுவாபோ அண்ணன் சொன்ன மாதிரி எடுத்தா 0.14. பலகையை எடுத்துட்டு ரப்பர் தொங்கவிட்டேன், சத்தம் பாதிக்கு மேல போயிடுச்சு. எடைமேடையில மொத்தம் 3,440. தண்ணித் தொட்டியை நிரப்பியிருந்தா தாண்டியிருப்பேன்.

பெண் குதிரை மட்டும் இன்னும் ஒரு பக்கத் திருப்பத்துல உதைக்குது.

குளம்படி:
அதுதான் கனமா? எந்தப் பக்கம் ஏத்துறீங்க?

செங்குதிரை:
ஆமா, 560. சாலை ஓரத்துப் பக்கம். இறக்க வசதி.

குளம்படி:
இடம் மாத்துங்க. சாலை நடுவுல மேடா, ஓரத்தைப் பார்த்துச் சரிஞ்சிருக்கும். வண்டியும் ஓரத்துப் பக்கம்தான் சரியும், கனமானது நடுச்சாலைப் பக்கம் நிக்கணும்.

மெதுவாபோ:
மாத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை அதைத் தனியா ஏத்தி ஓட்டிப் பாருங்க. பக்கத்துல நிக்கிறது பிடிக்காம உதைக்குதோ என்னவோ. எல்லாத்துக்கும் சாலைச் சரிவைக் குத்தம் சொல்லாதீங்க அக்கா.