பிளேட் தேயவில்லை, ஆனாலும் கிளட்ச் வழுக்கியது

என் காரில் கிளட்ச் வழுக்குவது முதலில் மேட்டில்தான் தெரிந்தது. ஐந்தாவது கியரில் ஏறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜினின் இரைச்சல் மட்டும் எகிறியது. வண்டியின் வேகம் கூடவில்லை. மேல் கியரில் கிளட்ச் மீது விழும் சுமை அதிகம் என்பதால், கீழ் கியர்களில் இந்தக் குறை வெகுநாள் மறைந்தே இருக்கும். கிளட்ச் கேபிள் இறுக்கமாக இருந்தாலும் இப்படி வழுக்கும் என்பதால் முதலில் அதைப் பார்த்தோம். அதில் கோளாறு இல்லை.

கியர் பாக்ஸை இறக்கிப் பிளேட்டை வெளியே எடுத்தபோது, ரிவெட் தலைகளுக்கு மேல் லைனிங் (உராய்ந்து பிடிக்கும் மேலடுக்கு) இன்னும் கணிசமாகவே மிச்சமிருப்பதைக் கண்டோம். ஆனால் இன்ஜினோடு சேர்ந்து சுழலும் சக்கரமான ஃபிளைவீலை ஒட்டியிருந்த பக்கம் கருத்துப்போய், விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. புது செட் போட்டால் போதும், இந்த அளவு கசிவு சகஜம்தான் என்றார் மெக்கானிக். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் புது பிளேட்டை மாட்டினால் அதுவும் அதே எண்ணெயில் ஊறும்.

கியர் ஆயிலாக இருந்தால் கந்தக நெடி மூக்கைத் துளைக்கும், கசிவும் கியர் பாக்ஸுக்குள் செல்லும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றியே தொடங்கும். இங்கே அந்த நெடி இல்லை; ஈரம் முழுவதும் இன்ஜின் பக்கமே இருந்தது. ஃபிளைவீலைக் கழற்றியதும் இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) விறைத்துப்போயிருப்பது தெரிந்தது. சீலின் விலை அற்பம். அதை மாற்றுவதற்காகப் பின்னொரு நாள் கியர் பாக்ஸை மறுபடியும் இறக்குவதுதான் பெரிய செலவு.

பெடலை மிதிக்கும்போது கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைக் கையால் சுற்றியபோது கரகரத்ததால் அதையும், அதனுடன் கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டையும் சேர்த்தே மாற்றினோம். ஃபிளைவீலில் நீலம் பாய்ந்த சூட்டுத் தழும்புகள் தெரிந்தன. அது ஒற்றைத் துண்டு ஃபிளைவீல் என்பதால் கடைசல் பிடித்துச் சமன் செய்ய முடிந்தது. உள்ளே ஸ்பிரிங்குகள் கொண்ட இரட்டை ஃபிளைவீலுக்கு இந்த வழி பொதுவாக ஒத்துவராது.

பொருத்தும்போது மெக்கானிக் காட்டிய நிதானத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பிளேட்டை அலைன்மென்ட் கருவியால் மையப்படுத்தி, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்கினார். இன்புட் ஷாஃப்ட்டில் பிளேட் பொருந்தும் ஸ்பிளைன் பற்களில் கிரீஸைப் பெயருக்குத் தடவினார். அதிகமானால் சுழற்சியில் தெறித்து லைனிங்கிலேயே படியுமாம். கியர் பாக்ஸை ஏற்றும்போது அதன் பாரம் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கிப் பிளேட்டின் நடுப்பகுதியை வளைத்துவிடாதபடி, கடைசிவரை ஜாக்கியால் தாங்கியே வைத்திருந்தார்.

இப்போது பெடல் இலகுவாக இருக்கிறது. கிளட்ச் பிடிக்கும் இடம் முன்பைவிடக் கீழே இறங்கியிருக்கிறது. புது லைனிங் படியும் வரை மேட்டில் பாதிக் கிளட்சில் வண்டியை நிறுத்திப் பிடிக்காமல் ஹேண்ட் பிரேக்கையே பயன்படுத்தி வருகிறேன்.