சைகோன் கடுதாசில எட்டுமூலை முத்திரை, யாருக்காச்சும் தெரியுமா?

எல்லாருக்கும் வணக்கம், எங்க அத்தை வீடு புதுச்சேரி குருசுக்குப்பத்துல, அங்க ட்ரங்க் பொட்டில கொள்ளுத்தாத்தா வியட்நாம் சைகோன்ல வேலை பார்த்தப்ப போட்ட கவர் கொஞ்சம் இருக்கு. ஒண்ணுல முத்திரை வட்டமா இல்லாம எட்டுமூலையா இருக்கு, நடுவுல 1913ன்னு வருஷம், சுத்தி 'லீஞ் என்', அப்பறம் 'பாக் எஃப்ஆர்'னு (பிரெஞ்சு தபால் கப்பல்னு அர்த்தம்) போட்டு ஒரு நம்பர், அது பாதி அழிஞ்சிருக்கு. 'லீஞ் என்'னா (லைன் N) மர்சேய்ல இருந்து யோகோஹாமா போற பிரெஞ்சு தபால் கப்பல் லைன், கப்பல்லயே தபால் ஆளு இருந்து குத்துற முத்திரை, அதுவரைக்கும் புரியுது. அந்த நம்பர் கப்பலைக் குறிக்குதா, அந்த ஆளையா? அதை வச்சு எந்தக் கப்பல்னு பிடிக்க முடியுமா?

இன்னொரு கவர் 1950ல வந்தது, சின்னத் தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல இந்தோசீனால இருந்தப்ப, ஸ்டாம்பே இல்ல, கையால எஃப்.எம்.னு எழுதியிருக்கு, அதாவது சிப்பாய்க்கு இலவச தபால். முத்திரைல 'போஸ்த் ஓஸ் ஆர்மே' (ராணுவத் தபால்), கீழ 'தே.ஓ.இ.' (வெளிநாட்டுப் போர்க்களம்னு அர்த்தம்), ஊர் பேர் கிடையாது. அவர் எந்த ஊர்ல இருந்தார்னு அத்தைக்குத் தெரிஞ்சுக்கணும், வயசாயிடுச்சு, ரொம்ப ஆசைப்படறாங்க. அனுப்புனர் இடத்துல எஸ்.பி.னு (ராணுவத் தபால் செக்டர்) போட்டு ஒரு நம்பர் இருக்கு, அதுல இருந்து ரெஜிமெண்ட் கண்டுபிடிக்கிற லிஸ்ட் யார்கிட்டயாச்சும் இருக்கா? பிரெஞ்சு பென்ஷன் வாங்குற குடும்பத்துக்காரங்க யாராச்சும் பார்த்திருப்பீங்க, ப்ளீஸ் சொல்லுங்க. ஸ்டாம்பைத் தண்ணில ஊறவச்சு எடுன்னு மட்டும் சொல்லாதீங்க, முழு கவரா இருந்தாத்தான் அதுக்கு அர்த்தமே. போட்டோ கமெண்ட்ல போடறேன்.