ஃபெரட் வளைக்குள்ளேயே தங்கிவிடுகிறது, யாராவது வழி சொல்லுங்கள்

இங்கிலாந்தில் இருக்கும் நம்மவர்களில் ஃபெரட் (முயல் வளைக்குள் புகுந்து முயலை வெளியே விரட்டும், கீரி போன்ற சிறு வளர்ப்பு விலங்கு) வளர்த்து முயல் பிடிக்கப் போகிறவர்கள் யாரும் இருக்கிறீர்களா?

நாங்கள் நார்ஃபோக் பக்கம். குளிர்காலக் கோதுமையை முயல்கள் மொட்டையடிக்கின்றன என்று பக்கத்துப் பண்ணைக்காரர் கூப்பிட்டிருக்கிறார். 2004 வேட்டைச் சட்டத்தின் விலக்குப்படி, நிலத்தைப் பயன்படுத்திவரும் பண்ணைக்காரரின் சம்மதம் இருந்தால் நாயை வைத்து முயல் பிடிக்கலாம். வளை தோண்டாத ஹேர் வகைக்கு அந்த விலக்கு கிடையாது. ஆகவே அனுமதி பற்றிக் கவலையில்லை.

வளைவாய் ஒவ்வொன்றிலும் சுருக்கு வலை விரித்து முளையடித்து, ஃபெரட்டை உள்ளே விடுகிறோம். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு காலுக்கடியில் மண் தடதடக்கும். முயல் பாய்ந்து வந்து வலையில் சுருண்டு விழும். வலைக்குத் தப்பியதை எங்கள் விப்பெட் வேட்டைநாய் துரத்திப் பிடித்துவிடும். அந்த நிமிடத்துக்காகவே எவ்வளவு குளிரிலும் போகலாம்!

சிக்கல் எங்கள் பெண் ஃபெரட்டிடம்தான். உள்ளேயே முயலைக் கொன்று தின்றுவிட்டு அங்கேயே தூங்கிவிடுகிறது. கழுத்துப் பட்டையில் இருக்கும் டிரான்ஸ்மிட்டர் இடத்தைக் காட்டினாலும், வேலி மரங்களின் வேருக்கடியில் மண்வெட்டி இறங்குவதில்லை. ஜனவரியில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டுகிறது, விட்டுவிட்டு வர மனம் வராது.

குடல் எடுத்த முயலை வளைவாயில் வைத்தால் வாசனைக்கு வெளியே வருமா? கயிறு கட்டிய ஆண் ஃபெரட்டை அனுப்பித் தேடுவது இன்னும் வழக்கத்தில் உண்டா? வலையில் விழுந்த முயல்மேல் விப்பெட் பாயாமலிருக்க எப்படிப் பழக்குவது? அனுபவப்பட்டவர்கள் விவரமாக எழுதுங்கள், வரும் சனிக்கிழமை மறுபடி போகிறோம்.