எண்ணூர் பிள்ளைகளுக்குக் கதைகள் தேடுகிறேன்

வணக்கம் நண்பர்களே. எண்ணூரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சனிக்கிழமைதோறும் கதை எழுதுகிறோம். 2060இல் இங்கே கடலில் சேரும் கொசஸ்தலை ஆறு எப்படி இருக்கும் என்று கேட்டேன். பெரும்பாலும் வெள்ளம், நோய், ஊரே காலி. 2023 டிசம்பரில் முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த பிள்ளைகள், வேறென்ன எழுதுவார்கள்? ஒருத்தி மட்டும் தன் பாட்டி மறுபடி கையால் தடவி இறால் பிடிப்பதாக எழுதினாள். உடனே அந்த வரியை அடித்துவிட்டாள். "இதெல்லாம் நடக்காது மிஸ்."

1905இல் வங்காள எழுத்தாளர் பேகம் ரொக்கேயா 'சுல்தானாவின் கனவு' கதையில், பெண்கள் ஆளும் நாட்டில் வெயிலால் சமைக்கும் புகையில்லாத அடுப்படியைக் கற்பனை செய்தார். அது முதலில் வெளிவந்தது நம் மெட்ராஸ் பத்திரிகை ஒன்றில்தான். அதன் தமிழ் மொழிபெயர்ப்பு யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், நியாயமான ஊரைக் கற்பனை செய்யும் சின்னச் சின்னத் தமிழ்க் கதைகள் இருந்தாலும் சொல்லுங்கள். சண்டையே இல்லாத சொர்க்கம் வேண்டாம். ஆற்றில் யாருக்கு எவ்வளவு என்று மனிதர்கள் பேசித் தீர்க்கிற கதை வேண்டும். அடுத்த சனிக்கிழமைக்குள் கிடைத்தால் அந்தப் பெண்ணுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டுவேன்.