மூன்று மந்திரியும் ஒரே நிறக் கட்டத்தில்

அண்ணா: (படம்) வெள்ளைக்கு ராஜாவும் 4 சிப்பாயும்தான். கறுப்புக்கு ராணி, 2 யானை, 3 மந்திரி, சிப்பாய்கள் வேறு. வெள்ளை நகர்த்த வேண்டும். செஸ் எஞ்ஜினை (ஆட்டத்தைக் கணக்குப் போடும் கணினி நிரல்) திறக்காமல் சொல்லுங்கள், என்ன ஆகும்?

தங்கை: இதில் கேட்க என்ன இருக்கிறது, வெள்ளை அவுட்

மாமா: டிரா.

தங்கை: மாமா, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தீர்களா 😂

மாமா: போட்டுக்கொண்டுதான்மா. அந்த மூலையைப் பார். ராணி, 2 யானை, ராஜா எல்லாம் சொந்தச் சிப்பாய்களுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிடக்கின்றன, ஒன்றுக்கும் நகர ஒரு கட்டம் கிடையாது. வெளியே திரிவது 3 மந்திரி மட்டும், மூன்றும் கறுப்புக் கட்டத்தில். மந்திரி குறுக்காகத்தான் போகும், கட்டத்தின் நிறம் மாறவே மாறாது. வெள்ளையின் 4 சிப்பாயும் வெள்ளைக் கட்டத்தில். ராஜாவும் வெள்ளைக் கட்டம் மாறாமல் உலாத்தினால் செக் வைக்க யார் இருக்கிறார்கள்?

தங்கை: அட ஆமாம்

தங்கை: ஆனால் ஃபோனில் போட்டேன், கறுப்புதான் ரொம்ப முன்னால் இருக்கிறது என்கிறதே

அண்ணா: அதற்காகவே செய்த புதிர். 2017-ல் பென்ரோஸ் இன்ஸ்டிட்யூட் வெளியிட்டது. 2020-ல் இயற்பியல் நோபல் வாங்கினாரே, அதே ரோஜர் பென்ரோஸ்.

மாமா: எஞ்ஜின் நகர்வுகளைக் கிளை கிளையாகப் பார்த்துக்கொண்டே போகும், எங்கேயாவது நிறுத்தித்தானே ஆக வேண்டும், நிறுத்துகிற இடத்தில் பலகையில் யாரிடம் என்ன இருக்கிறது என்று மதிப்புப் போடும். அங்கேயும் ராணி நிற்கிறது, யானை நிற்கிறது. பூட்டிக் கிடக்கிறது என்பது அதற்கு உறைக்காது. மந்திரியை இங்கும் அங்கும் தள்ளிப் பார், நம்பர் ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கும். நிஜமாகவே ஜெயிக்கிற ஆட்டத்தில் அப்படி நிற்காது.

தங்கை: வெட்டும் இல்லை, சிப்பாய் நகர்வும் இல்லை, அப்போது 50 நகர்வில் டிரா கேட்கலாம். சரி. ஆனால் ஒரே நிறத்தில் 3 மந்திரி எந்த ஆட்டத்தில் வரும்? வேண்டுமென்றே கட்டிய பொறி இது, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மாமா: எஞ்ஜின் கோட்டைவிட்ட நிஜ ஆட்டமே சொல்கிறேன். 1998, ஸ்பெயினில் லினாரெஸ் போட்டி, கிராண்ட்மாஸ்டர் டோபலோவுக்கு எதிராக கிராண்ட்மாஸ்டர் ஷிரோவ் கறுப்பு. இவருக்கு 2 சிப்பாய் அதிகம், ஆனால் ஆளுக்கு ஒரு மந்திரி, அவை வேறு வேறு நிறக் கட்டத்தில், பெரும்பாலும் டிராவில் முடிகிற ரகம். எஃப்5 கட்டத்தில் இருந்த மந்திரியை எடுத்து எச்3-ல் சும்மா கொண்டுபோய் வைத்தார். வெள்ளையின் ஜி2 சிப்பாய் அதை இலவசமாக வெட்டலாம்!

தங்கை: ஏன்??

மாமா: கறுப்பு ராஜாவுக்கு வழி வேண்டும். எஃப்5-ல் தன் மந்திரியே குறுக்கே நின்றது. வேறு எங்கே விலக்கினாலும் வெள்ளை ராஜா ஓடி வந்து மறித்துவிடும். எச்3-ல் வைத்தால் அது ஜி2-வைத் தாக்குகிறது, பதில் சொல்லியே ஆக வேண்டும். டோபலோவ் வெட்டினார். அந்த ஒரு நகர்வு மிச்சத்தில் ராஜா எஃப்5, இ4 என்று உள்ளே இறங்கிவிட்டது. 53-வது நகர்வோடு ஆட்டம் முடிந்தது, ஷிரோவ் ஜெயித்தார். அன்றைய எஞ்ஜின்களுக்கு இது தட்டுப்படவே இல்லை, இப்போதையவை கண்டுபிடித்துவிடும், அது வேறு விஷயம்.

அத்தை: மணி 11. உங்கள் மாமா பக்கத்து அறையிலிருந்து டைப் பண்ணுகிறார், விளக்கை அணைக்கச் சொல்லுங்கள்

தங்கை: 😂😂 அண்ணா எங்கே காணோம்?

அண்ணா: அந்த முதல் புதிரை எஞ்ஜினோடு விளையாடிக்கொண்டிருந்தேன், நான் வெள்ளை. முப்பது நகர்வு வரை ராஜாவை ஒழுங்காக உலாத்தினேன்.

மாமா: அப்புறம்?

அண்ணா: பி3 சிப்பாய்க்குப் பக்கத்திலேயே யானை சும்மா நின்றது. கை அரித்தது, வெட்டிவிட்டேன்.

மாமா: ராணி வெளியே வந்திருக்குமே

அண்ணா: வந்தது