அமெரிக்கப் பாலைவனச் சாலைகளில் குடும்பத்தோடு: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

பாலாற்றங்கரை:

எங்கள் வழி எல்லோரும் போகிற வழிதான். லாஸ் வேகஸில் இறங்கி சயான், பிரைஸ், பேஜ், மானுமென்ட் வேலி, கிராண்ட் கேன்யன், மறுபடி வேகஸ். அப்பா அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள், பிள்ளைகளும் உடன். மற்றதெல்லாம் புகைப்படத்தில் இருக்கிறது. ஒரே ஒரு இடம் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

பேஜ் பக்கத்து ஆன்டலோப் கேன்யன், குறுகலான பாறைப் பிளவு, அதில் கீழ்ப் பள்ளத்தாக்கு. எங்கள் வழிகாட்டி ஒரு நவஹோ பழங்குடிப் பெண், சின்ன வயது. ஓரிடத்தில் நின்று என் பையனை மேலே பார்க்கச் சொன்னார். இரண்டு பாறைச் சுவர்களுக்கும் நடுவே, எங்கள் தலைக்கு மேல் நல்ல உயரத்தில், ஒரு மரக்கட்டை குறுக்கே சிக்கிக் கிடந்தது. பட்டை உரிந்து வெளுத்துப்போன கட்டை. "யார் அங்கே கொண்டுபோய் வைத்தது?" என்று கேட்டான். "தண்ணீர்" என்றார். அதற்குமேல் எதுவும் சொல்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அதே பள்ளத்தாக்கில் 11 சுற்றுலாப் பயணிகள் திடீர் வெள்ளத்தில் இறந்ததைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். மழை கொட்டியது பல மைல் தள்ளி. அந்த இரும்புப் படிகளெல்லாம் அதற்கப்புறம் வந்தவை. அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுகிறார், பின்னால் வரிசை நிற்கிறது, நான் அந்தக் கீற்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். துளி மேகம் இல்லை. அது எனக்குக் கொஞ்சமும் தைரியம் தரவில்லை.

அடுத்த முறை மாமனார் மாமியாரோடு போவதாக இருக்கிறோம். உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.


மெசாவாசி:

பேஜ் என்றாலே எனக்கு அந்தக் காலை நேரம்தான் ஞாபகம் வரும். முதல் நாள் இரவு நவஹோ மண்ணில் இருக்கும் கயென்டாவில் தங்கல். காலையில் ஆன்டலோப்புக்கு முன்பதிவு. என் போன் ஒரு நேரம் காட்டுகிறது, காரில் ஒரு மணி நேரம் குறைவாக ஓடுகிறது. "இப்பவே கிளம்பணும்" என்கிறாள் மனைவி, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்கிறேன் நான். பெரிய வாக்குவாதம். பின் சீட்டில் அப்பா, ஊரிலிருந்து வந்தும் மாற்றாத கைக்கடிகாரத்தைத் திருப்பிக் காட்டி, "இதுல அரை மணியக் கழி. அதுதான் அரிசோனா நேரம். எதுக்கு இவ்வளவு சத்தம்?" என்றார்.

உண்மைதான். இந்திய நேரம் அரிசோனாவைவிடப் பன்னிரண்டரை மணி நேரம் முன்னால். முள் கடிகாரத்தில் அந்தப் பன்னிரண்டு மறைந்துவிடும், அரை மணிதான் மிச்சம். அரிசோனா மற்ற மாநிலங்களைப் போலக் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் மாற்றுவதில்லை என்பதால் வருடம் முழுக்க இதே கணக்கு. ஆனால் நவஹோ மண்ணில் மாற்றுகிறார்கள். அந்த மண்ணுக்கு நடுவே இருக்கும் ஹோப்பி பழங்குடியினரின் மண்ணில் மாற்றுவதில்லை. போன் கோபுரத்துக்குக் கோபுரம் குழம்பும். ஆன்டலோப் நவஹோ மண்ணில்தான் இருக்கிறது, ஆனாலும் சுற்றுலா நடத்துகிறவர்கள் பேஜ் நேரத்தில், அதாவது அரிசோனா நேரத்தில், கூப்பிடுகிறார்கள். மானுமென்ட் வேலியில் நவஹோ நேரம். போனில் தானாக நேரம் மாறுவதை அணைத்துவிட்டு ஃபீனிக்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாற்றங்கரைக்கு ஒன்று சொல்கிறேன், கேட்காமலே. பெரியவர்களை வைத்துக்கொண்டு ஒரே சுற்றில் ஐந்து இடம் அதிகம். பிரைஸ் எட்டாயிரம் அடிக்கு மேல், அங்கே அவர்களுக்கு மூச்சு வாங்கும். மானுமென்ட் வேலியின் 17 மைல் சுற்றுப்பாதை மண் சாலை, வாடகைக் கார் ஒப்பந்தத்தில் மண் சாலைக்கு அனுமதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே நவஹோக்காரர்கள் ஓட்டும் ஜீப்பில் போவது மேல், அவர்கள் சொல்லும் கதைகளும் கிடைக்கும். அப்புறம் தேசியப் பூங்கா ஆண்டுப் பாஸ் அங்கே செல்லாது, அது நவஹோ பழங்குடியினரின் பூங்கா. பாஸ் விஷயத்தில் இன்னொன்று: 2026 ஜனவரியிலிருந்து இங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர், வெளிநாட்டவருக்கு 250. பாஸ் யார் பெயரில் வாங்குவது என்பதைக் கிளம்புவதற்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள். கிராண்ட் கேன்யன் வட விளிம்பில் தங்கச் சொல்லும் பழைய கட்டுரைகளை நம்ப வேண்டாம், அந்த விடுதி 2025 ஜூலைத் தீயில் எரிந்துபோனது.


வெயில்மகள்:

எத்தனை இடம் என்று பேசுவதைவிட எந்த மாதம் என்று பேசலாம். மாமியார் திரும்பும் தேதி நெருங்கிவிட்டதால் ஜூலையில் டெத் வேலி போனோம். பேட்வாட்டரில் இறங்கினோம், கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. உப்புத் தரையில் பத்து எட்டு வைத்திருப்போம். அத்தை சட்டென்று நின்று, முந்தானையை எடுத்து, கழுத்துச் சங்கிலிக்கும் தோலுக்கும் நடுவே செருகினார். "பொன்னு சுடுதும்மா" என்றார். தாலிக்கொடியைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டே காருக்கு வந்தார். எழுபது வருடம் வேலூர் வெயிலில் இருந்தவர் அவர்.

"நம்ம ஊர் வெயில் பார்க்காததா" என்று சொல்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். பக்கத்தில் இருக்கும் ஃபர்னஸ் கிரீக்கில்தான் 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி செல்சியஸ் பதிவானது. வியர்வை வந்ததே தெரியாது, வந்த கணமே காய்ந்துவிடும். 2024 ஜூலையில் அங்கே மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வெப்பத்தால் இறந்தார். அவரோடு வந்தவரை மருத்துவமனைக்குத் தூக்கிப்போக ஹெலிகாப்டர் வர முடியவில்லை, 120 ஃபாரன்ஹீட்டை, அதாவது சுமார் 49 செல்சியஸைத் தாண்டினால் அது பத்திரமாகப் பறக்காது. பெரும்பாலான இடங்களில் போனுக்குச் சிக்னலும் கிடையாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிக்கொள்வது, மலை ஏற்றத்தில் ஏசியை அணைக்கச் சொல்லும் பலகை வந்தால் அணைப்பது, கார் நின்றுவிட்டால் காரை விட்டு நடக்காமல் இருப்பது. பெரியவர்கள் கூட வந்தால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வையுங்கள்.


நாகூர்க்கடல்:

யூட்டாவில் நேச்சுரல் பிரிட்ஜஸ். உலகத்தின் முதல் இருள்வானப் பூங்கா என்று 2007இல் அறிவித்த இடம். அக்டோபர் இரவு. வாப்பா இளவயதில் படகில் போனவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம் கை நீட்டி எனக்கு ஒவ்வொன்றாகச் சொன்னார், எந்த நட்சத்திரக் கூட்டம் எழுந்தால் கரை திரும்ப வேண்டும், எது காற்று மாறுவதற்கு அடையாளம் என்று. இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாதது. நான் கேட்டதில்லையா, ஊரில் வானம் தெரிவதில்லையா, அறியேன்.

பெட்ரோல் பிளாண்டிங் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். பூங்கா அங்கிருந்து நாற்பது மைல்.


மஞ்சப்பை:

எல் பாசோவிலிருந்து ஒயிட் சாண்ட்ஸ். ஜிப்சம் மணல், வெயிலிலும் காலைச் சுடாது, பிள்ளைகள் சறுக்கினார்கள், எல்லாம் சரி. திரும்பி லாஸ் குரூசஸ் பக்கம் 70ஆம் நெடுஞ்சாலையில் வந்தால் எல்லைக் காவல் சோதனைச் சாவடி. நாம் நாட்டின் எல்லையைக் கடக்கவேயில்லை, ஆனாலும் எல்லா வண்டியும் நிற்க வேண்டும்.

அதிகாரி குனிந்து எல்லோரும் குடிமக்களா என்று கேட்டார். நான் விசாவைப் பற்றி ஆரம்பித்தேன். பின் சீட்டுக் கண்ணாடி இறங்கியது. அப்பா மடியில் மஞ்சப்பை. அதிலிருந்து ஆறு பேருடைய பாஸ்போர்ட்டும் எடுத்து, விசா பக்கத்தில் ரப்பர் பேண்டு போட்டு, வயது வரிசையில் அடுக்கி நீட்டினார். அவர் ஓய்வுபெற்ற சார்பதிவாளர். அதிகாரி ஒவ்வொன்றாகப் பார்த்து, அதே வரிசை கலையாமல் அப்பா கையிலேயே திருப்பிக் கொடுத்தார். அப்பாவுக்கு அவர் "சார்" என்றது என் காதில் விழுந்தது. வண்டி நகர்ந்த பிறகும் என் கை ஸ்டியரிங்கில் இறுகியேதான் இருந்தது.

விசாவில் இருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள். 18 வயது தாண்டிய வெளிநாட்டவர் தம் பதிவுச் சான்றை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டு இருந்தால் அசல் அட்டை. வேலை விசா என்றால் பாஸ்போர்ட், ஐ-94 என்ற நுழைவுப் பதிவின் அச்சு, ஐ-797 என்ற ஒப்புதல் தாள். பெற்றோருக்குப் பாஸ்போர்ட்டும் ஐ-94உம். இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பாஸ்போர்ட் இருந்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் படம் இருக்கிறது என்று கிளம்பாதீர்கள். இந்தச் சாவடிகள் அரிசோனாவிலும் உண்டு, டூசானிலிருந்து நோகாலெஸ் போய்த் திரும்பும்போது 19ஆம் நெடுஞ்சாலையில், யூமா பக்கம் 8ஆம் நெடுஞ்சாலையில். வண்டி ஓட்டுபவர் பேசட்டும், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இன்னொன்று, பக்கத்து ராணுவத் தளத்தில் ஏவுகணைச் சோதனை நடந்தால் 70ஆம் நெடுஞ்சாலையை மணிக்கணக்கில் மூடுவார்கள், பூங்காவின் தளத்தில் முன்கூட்டியே போடுகிறார்கள், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.


கொலுப்படி:

படிக்கப் படிக்க ஆண்டிப்பட்டி தாண்டவே பயமாகிவிடும் போலிருக்கிறது. வெயில்மகள், உங்கள் அத்தைக்கு நடந்தது சரி, ஆனால் விடுமுறை என்பது பிள்ளைகளின் பள்ளி கொடுக்கிற மாதத்தில்தான் வரும். ஜூலையில் போகிறவர்கள் உயரத்தைத் தேடிப் போகலாம். கிராண்ட் கேன்யன் தென் விளிம்பே ஏழாயிரம் அடி, பிரைஸ் அதற்கும் மேலே, இரவில் சால்வை வேண்டியிருக்கும்.

என் கதை சின்னது. பெட்ரிஃபைட் ஃபாரஸ்ட். இருபத்திரண்டு கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன, துண்டு துண்டாக, சிவப்பும் மஞ்சளும் ஊதாவும். கொலுவில் மலை கட்டுகிற எனக்கு ஒரு துண்டாவது கிடைக்காதா என்றுதான் தோன்றியது. எடுப்பது குற்றம். ரெயின்போ ஃபாரஸ்ட் அருங்காட்சியகத்தில், கல்லை எடுத்துப்போனவர்கள் பிறகு திருப்பி அனுப்பிய கடிதங்களை வைத்திருக்கிறார்கள். வேலை போயிற்று, உடம்பு படுத்துகிறது, இந்தக் கல்லை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிற கடிதங்கள். மகள் ஒவ்வொன்றாகப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சிவன் சொத்து குலநாசம். இவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு பார்."

மகள் ஊழியரிடம் திரும்பி வந்த கற்களைப் பற்றிக் கேட்டாள். எங்கிருந்து எடுத்தார்கள் என்று தெரியாததால் பழைய இடத்தில் வைக்க முடியாது, வைத்தால் ஆய்வு கெட்டுப்போகும், ஒரு குவியலாகத் தனியே கிடக்கிறது என்றார். அந்தக் குவியல்தான் எனக்கு உறுத்துகிறது. திருப்பிக் கொடுத்தும் வீடு சேராத கற்கள்.

கல் வேண்டுமென்றால் ஹோல்புரூக் கடைகளில் தனியார் நிலத்தில் எடுத்தது விற்கிறார்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.


நாரத்தை:

கொலுப்படி சொல்கிற அந்தத் தென் விளிம்பிலும் உள்ளே இறங்கினால் வெயில்தான், இறங்க இறங்க ஏறும். பிரைட் ஏஞ்சல் பாதையில் நாங்கள் ஒன்றரை மைல் ஓய்வுக் குடிலோடு திரும்புவது என்று தீர்மானித்துப் போனோம். அங்கே சுவரோரம் ஒரு வெள்ளைக்காரப் பையன், பதினாறு வயது இருக்கும், வாந்தி எடுத்துவிட்டுச் சுருண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா தண்ணீர், தண்ணீர் என்று புகட்டிக்கொண்டே இருக்கிறார். பையன் காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடித்திருக்கிறான், ஒன்றும் சாப்பிடவில்லை. என் மனைவி செவிலியர். "தண்ணீரை நிறுத்துங்கள், உப்பு வேண்டும்" என்றாள். எங்கள் பையில் தயிர்சாதமும் உப்பு நாரத்தங்காயும். அவன் அப்பா அந்தக் கறுத்த துண்டைச் சந்தேகமாகப் பார்த்தார். பையன் வாங்கி வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, சப்பினான். அப்புறம் இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினான். நிழலில் உட்கார வைத்துத் துணியை நனைத்துப் போட்டோம். மேலேறிப் போனவர்களிடம் சொல்லிவிட்டதில் பூங்கா ரேஞ்சரும் வந்துவிட்டார். அந்தப் பையன் எப்படி ஊர் போய்ச் சேர்ந்தான் என்பது தெரியவில்லை, இன்றும் யோசிக்கிறேன்.

கோடையில் காலை பத்திலிருந்து மாலை நாலுவரை பாதையில் இருக்க வேண்டாம் என்று ரேஞ்சர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். இறங்கின நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஆகும்.


பாலாற்றங்கரை:

எல்லோருக்கும் நன்றி. மாமனாரிடம் பேசி அக்டோபருக்கு மாற்றப் பார்க்கிறோம். பள்ளி ஒத்துவராவிட்டால் ஆகஸ்ட், ஃபீனிக்ஸிலிருந்து கிளம்பி டூசான் உறவினரையும் பார்த்துவிட்டு. மரிகோபா மகா கணபதி கோவிலுக்கும் போகலாம் என்கிறார்.


பத்தாம்நெடுஞ்சாலை:

ஆகஸ்ட், ஃபீனிக்ஸ், டூசான் என்று பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன். அரிசோனாவில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை பருவமழைக் காலம், மழைக்கு முன்னால் வருவது புழுதி. ஃபீனிக்ஸுக்கும் டூசானுக்கும் நடுவே பத்தாம் நெடுஞ்சாலையில் பிகாச்சோ சிகரம் தாண்டி வந்துகொண்டிருந்தோம், மணி நாலு இருக்கும். எதிரே பழுப்பாக ஒன்று தரையிலிருந்து எழும்பி நின்றது. மகள் மலை என்றாள். மலை நகர்ந்தது. சில நிமிடத்தில் என் கார் மூக்கு எனக்குத் தெரியவில்லை.

ஓரம் கட்டியிருந்தேன். எல்லா விளக்கையும் அணைத்தேன். மனைவி, "பின்னாடி வர்றவனுக்கு எப்படித் தெரியும், லைட்டைப் போடுங்க" என்று கத்துகிறாள். அணைத்தே வைத்தேன். விளக்கு எரிந்தால் பின்னால் வருகிறவன் அதைச் சாலை என்று நினைத்துத் தொடர்ந்து வந்து மோதுவான். பிரேக்கிலிருந்தும் காலை எடுக்க வேண்டும், பிரேக் விளக்கும் விளக்குதான். அந்த இருட்டில் ஒரு லாரி எங்களை ஒட்டிப் போனது. கண்ணால் பார்க்கவில்லை. கார் ஆடியதில் தெரிந்தது.

அப்படி மாட்டினால்: சாலையை விட்டு எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி நிறுத்துங்கள், விளக்கு எல்லாம் அணையுங்கள், அவசர விளக்கும் சேர்த்து. கைபிரேக் போட்டுக் காலை எடுங்கள். பெல்ட்டைக் கழற்றாதீர்கள், யாரும் இறங்காதீர்கள். இது அரிசோனா போக்குவரத்துத் துறையே சொல்வது. மரிகோபா கோவிலுக்குக் காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள், புழுதி பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான். இதையெல்லாம் உங்கள் மனைவியிடமும் கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள், அந்த நிமிடத்தில் விளக்கைப் பற்றி விவாதிக்க நேரம் இருக்காது.