தாத்தாவின் ஜீப் வில்லிஸா, ஃபோர்டா?

வணக்கம் நண்பர்களே. போடியில் எங்கள் ஏலக்காய்க் கொட்டகையில் கிடந்த தாத்தாவின் பழைய ஜீப்பை வெளியே இழுத்துவிட்டோம். முன் கிரில்லில் 9 பிளவுகள். அப்படியென்றால் 1941 முதல் 1945 வரை செய்த போர்க்கால ஜீப்தானே? பின்னால் வந்த சிவிலியன் மாடல்களில் 7தான். ஹெட்லைட்டைத் திருப்பினால் வெளிச்சம் இன்ஜின் மேலேயே விழுகிறது. சின்ன வயதில் இதற்காகவே தாத்தாவோடு இரவில் போவேன்!

குழப்பம் இதுதான். போர்க்காலத்தில் வில்லிஸ், ஃபோர்டு இரண்டு கம்பெனிகளும் இதே ஜீப்பைச் செய்தன. முன்பக்கக் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய், அது வில்லிஸ் அடையாளம். ஆனால் சில போல்ட் தலைகளில் ஃபோர்டின் 'எஃப்' எழுத்து இருக்கிறது. ராணுவப் பட்டறையில் கலந்திருப்பார்களோ?

6 லட்சத்துக்கும் மேல் செய்த வண்டிதான். ஆனாலும் சேகரிப்பாளர்கள் வண்டியின் அடிச்சட்டம், இன்ஜின், எண் தகடு எல்லாம் அசலாக இருந்தால்தான் பெரிய விலை தருகிறார்கள். எங்களுடையதில் அசல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் இன்ஜினைப் போட்டுவிட்டார்கள். விற்கும் எண்ணம் இல்லை, பழையபடி ஓட வேண்டும்.

அசல் 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் கோவை, மதுரைப் பக்கம் கிடைக்குமா? இடது சட்டத்தின் உள்பக்க எண் தகட்டில் துரு ஏறியிருக்கிறது. எண் அழியாமல் எப்படிச் சுத்தம் செய்வது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.